லைன்பேக்கர்களும் ரன் டிஃபன்ஸும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க ஃபுட்பாலைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கும் நம்மவர்கள் குவார்ட்டர்பேக்கையும் டச்டவுனையும் சீக்கிரமே பிடித்துக்கொள்கிறார்கள். டிஃபன்ஸ் பக்கம் வரும்போதுதான் தடுமாற்றம். எதிரணி பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடும்போது லைன்பேக்கர்கள் அப்படி என்னதான் செய்கிறார்கள் என்பதில் ஒரே மாதிரி சந்தேகங்கள் திரும்பத் திரும்ப என்னிடம் வந்தன. அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். ஆட்டங்களை வைத்துச் சொல்லப்பட்டவை.

லைன்பேக்கர்னா யாரு? மைதானத்துல அவரை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

டிஃபன்ஸில் பதினொரு பேர். பந்து வைத்திருக்கும் கோட்டை ஒட்டி, கையைத் தரையில் ஊன்றிக் குனிந்து நிற்கும் பெரிய உடம்புக்காரர்கள் டிஃபன்சிவ் லைன்மேன்கள். ஓரங்களிலும், வெகுதூரம் பின்னாலும் நிற்பவர்கள் கார்னர்பேக்குகளும் சேஃப்டிகளும். இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவே, கோட்டிலிருந்து நான்கைந்து யார்டு தள்ளி, முழங்காலை லேசாக மடக்கி நிற்பவர்கள்தான் லைன்பேக்கர்கள்.

நிற்கும் இடமே வேலையைச் சொல்லிவிடும். ரன் (பந்தோடு ஓடுவது) வந்தால் முன்னேறி அடைக்க வேண்டும். பாஸ் (பந்தை எறிவது) வந்தால் பின்வாங்கிக் காக்க வேண்டும். இரண்டில் எது வரப்போகிறது என்று தெரியாமலேயே நிற்க வேண்டியவர் அவர். அவரைப் பற்றிய பாதிக் கேள்விகளுக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

ஓடினா எப்படியும் நாலு யார்டுதானே போறாங்க? அதுக்குப் போய் ரன் டிஃபன்ஸுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

அந்த நாலு யார்டுதான் விஷயமே. நான்கு முயற்சிக்குள் பத்து யார்டு போக வேண்டும் என்பது விதி. ஒவ்வொரு ஓட்டத்திலும் நாலு யார்டு கிடைத்தால் மூன்று முயற்சியில் பன்னிரண்டு வந்துவிடும். அந்த அணி பந்தை எறியவே தேவையில்லை. கடிகாரமும் ஓடிக்கொண்டே இருக்கும், உங்கள் குவார்ட்டர்பேக் வெளியே உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்.

முதல் முயற்சியில் அவர்களை இரண்டு யார்டோடு நிறுத்திவிட்டால் கதை மாறுகிறது. இன்னும் எட்டு வேண்டும். பாஸ் வரப்போகிறது என்று மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும், குவார்ட்டர்பேக்கைத் துரத்துபவர்கள் தயங்காமல் பாய்வார்கள். அதனால் நாலுக்கும் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பார்ப்பதற்குச் சின்னதாக இருந்தாலும், அடுத்த இரண்டு முயற்சிகளையும் அதுதான் தீர்மானிக்கிறது. அந்த வித்தியாசத்தைப் பெரும்பாலும் உண்டாக்குபவர்கள் லைன்பேக்கர்கள்.

கமென்டேட்டர் மைக், வில், சாம்னு சொல்றாரே, அதெல்லாம் ஆளுங்க பேரா?

இல்லை, இடங்களின் பெயர். நடுவில் நிற்பவர் மைக். எதிரணியின் டைட் எண்ட் (முன்வரிசையின் ஓரத்தில் நின்று தடுப்பதோடு பாஸும் பிடிப்பவர்) நிற்கும் பலமான பக்கத்துக்குச் சாம், மறுபக்கத்துக்கு வில். மிடில், ஸ்ட்ராங், வீக் என்பவற்றின் முதல் எழுத்தை வைத்துச் சூட்டிய பெயர்கள்.

பந்து ஆட்டத்துக்கு வருமுன் குவார்ட்டர்பேக் ஒரு எண்ணைச் சொல்லி ‘அவர்தான் மைக்’ என்று கத்துவதையும் கேட்டிருப்பீர்கள். யார் யாரைத் தடுப்பது என்று அவருடைய லைன்மேன்கள் எண்ணத் தொடங்குவதற்கான புள்ளி அது. டிஃபன்ஸின் உண்மையான மைக் வேறொருவராகவும் இருக்கலாம்.

ஏ கேப், பி கேப்னா என்ன?

எதிரணியின் முன்வரிசையில் நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டுகள், அடுத்து டேக்கிள்கள், ஓரத்தில் டைட் எண்ட். இவர்களுக்கு இடையே உள்ள சந்துகள்தான் கேப். சென்டருக்கும் கார்டுக்கும் நடுவில் ஏ, கார்டுக்கும் டேக்கிளுக்கும் நடுவில் பி, டேக்கிளுக்கும் டைட் எண்டுக்கும் நடுவில் சி, அதற்கு வெளியே டி. இருபுறமும் இதே கணக்கு.

ரன் டிஃபன்ஸ் என்பதன் அடித்தளம் ஒரே வரிதான்: ஒவ்வொரு சந்துக்கும் ஒரு ஆள் பொறுப்பு. சில சந்துகள் லைன்மேனுடையவை, மிச்சம் லைன்பேக்கருடையவை, ஓரத்தில் சிலசமயம் சேஃப்டியுடையவை. சிக்கல் என்னவென்றால் சந்துகள் நகரும். ஒரு கார்டு தன் இடத்தை விட்டு மறுபக்கம் ஓடினால் அங்கே புதிதாக ஒரு சந்து முளைக்கிறது. லைன்மேனால் சட்டென்று இடம் மாற முடியாது. பின்னால் நிற்கும் லைன்பேக்கரால்தான் அந்தப் புதுச் சந்துக்குப் போக முடியும்.

பந்து கைமாறினதும் அவர் ரன்னரைத்தானே பாக்கணும்? ஏன் வேற எங்கயோ பாக்கற மாதிரி இருக்கு?

நல்ல கவனிப்பு. பயிற்சி பெற்ற லைன்பேக்கர் முதல் நொடியில் ரன்னரை மட்டும் பார்ப்பதில்லை. பல அணிகளில் முதலில் கார்டுகளைப் பார்க்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள். ரன்னர் பொய்யாக ஒரு அடி வைக்கலாம், குவார்ட்டர்பேக் பந்து கொடுப்பது போல நடிக்கலாம். 140 கிலோ எடையுள்ள கார்டு நடிப்பது கடினம். அவர் முன்னால் பாய்ந்தால் ரன், எழுந்து பின்வாங்கினால் பாஸ், பக்கவாட்டில் கிளம்பினால் பந்தும் அநேகமாக அந்தப் பக்கம்தான் போகும்.

கரோலினா பாந்தர்ஸின் லூக் கீக்லி இதில் தனி ரகம். 2012 முதல் ஆடி, 2013-இல் அந்த ஆண்டின் சிறந்த டிஃபன்ஸ் வீரராகத் தேர்வாகி, 2020 ஜனவரியில் 28 வயதிலேயே ஓய்வு பெற்றவர். எதிரணி நிற்கும் அமைப்பைப் பார்த்து, வரப்போகும் ஆட்டத்தைத் தன் ஆட்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவார். அவருடைய பழைய ஆட்டங்களைத் தேடிப் பாருங்கள். ஓட்டவேகத்தில் அவரை மிஞ்சியவர்கள் இருக்கலாம். அவர் முந்திக்கொண்டது கிளம்பும் நேரத்தில்.

கபடில கவர் ஆளு பாஞ்சு மடக்கற மாதிரிதானே இதுவும்?

ஒரு விஷயத்தில் ஆம். கபடியில் ஒருவர் அவசரப்பட்டுப் பாய்ந்தால் சங்கிலி அறுந்து ரெய்டர் அந்த வழியே தப்பிவிடுவார். இங்கேயும் ஒருவர் தன் சந்தை விட்டுவிட்டுப் பந்தைத் தேடிப் போனால், ரன்னர் அந்தச் சந்து வழியாகத்தான் வருவார்.

பெரிய வித்தியாசம் பிளாக்கிங். லைன்பேக்கர் மேல் மோதி அவரை அகற்றுவதற்கென்றே எதிரணியில் ஆள் வருவார், அதுவும் அவரைவிட முப்பது நாற்பது கிலோ கூடுதல் எடையோடு. அவரைக் கையால் தள்ளி எட்ட நிறுத்தி, ரன்னர் எந்தப் பக்கம் போகிறார் என்று பார்த்து, அந்தப் பக்கம் உதறிக்கொண்டு வெளியே வர வேண்டும். பிடிப்பது கடைசி வேலை. அதற்கு முன் நடக்கும் இந்த உதறல்தான் நல்ல லைன்பேக்கரையும் சுமாரானவரையும் பிரித்துக் காட்டும்.

4-3, 3-4ன்னு எண் சொல்றாங்களே, ரன்னைத் தடுக்க எது நல்லது?

முதல் எண் லைன்மேன்கள், இரண்டாவது லைன்பேக்கர்கள். 1950-களில் டாம் லாண்ட்ரி நியூயார்க் ஜயன்ட்ஸின் டிஃபன்ஸைப் பார்த்துக்கொண்ட காலத்தில் சாம் ஹஃப்பை நடுவில் நிறுத்தி ஆடிய 4-3 பெரும் புகழ் பெற்றது. நடு லைன்பேக்கர் ஒரு நட்சத்திரமாக ஆனது அந்தக் காலத்தில்தான்.

எது நல்லது என்பதற்கு ஒரே விடை இல்லை. வழக்கமான 4-3-இல் ஆளுக்கு ஒரு சந்து என்று பிரித்துக்கொண்டு வேகமாகப் பாய்வார்கள். பழைய பாணி 3-4-இல் முன்னால் நிற்கும் மூவரும் ஆளுக்கு இரண்டு சந்துகளைச் சமாளிப்பார்கள். அதற்கு எதிரணியின் சென்டருக்கு நேரே நிற்கும் மிகப் பெரிய, பிடிவாதமான நோஸ் டேக்கிள் வேண்டும். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸுக்குக் கேசி ஹாம்ப்டன் அப்படிக் கிடைத்தார். அத்தகைய ஆள் இல்லாமல் எண்ணை மட்டும் மாற்றினால் அடிவாங்குவது லைன்பேக்கர்கள்தான்.

உண்மையைச் சொல்லுங்க, முன்னாடி நிக்கிற பெரிய ஆளுங்கதானே உழைக்கிறாங்க? பேரு மட்டும் லைன்பேக்கருக்குப் போகுதே?

இந்தக் கேள்வியை நான் மிகவும் மதிக்கிறேன். பாதி உண்மை இதில் இருக்கிறது.

பல ரன் ஆட்டங்களில் எதிரணியின் இரண்டு பேர் சேர்ந்து ஒரு டிஃபன்சிவ் டேக்கிளை (டிஃபன்ஸ் முன்வரிசையின் நடுவில் நிற்பவரை) முட்டித் தள்ளுவார்கள். அவர் நகர்ந்ததும் இருவரில் ஒருவர் கழன்று மேலே ஏறி லைன்பேக்கரைத் தடுப்பார். அந்த டேக்கிள் அசையாமல் இருவரையும் தன்னோடு கட்டிப்போட்டால் லைன்பேக்கரை நோக்கி வர ஆள் இருக்காது. அவர் தொந்தரவில்லாமல் ஓடி வந்து ரன்னரை வீழ்த்துவார், கேமரா அவரைக் காட்டும். 2000-ஆம் ஆண்டு பால்டிமோர் ரேவன்ஸ் இதற்குச் சிறந்த உதாரணம். நடுவில் ரே லூயிஸ், அவருக்கு முன்னால் சாம் ஆடம்ஸ், டோனி சிரகூசா என்ற ஏறக்குறைய 150 கிலோ மலைகள் இரண்டு, இருபுறமும் பீட்டர் போல்வேர், ஜேமி ஷார்ப்பர். பதினாறு ஆட்டங்களில் அவர்கள் கொடுத்த மொத்த ஓட்டம் 970 யார்டு, ஓட்டத்துக்குச் சராசரி 2.7. கொடுத்த மொத்தப் புள்ளிகள் 165. பதினாறு ஆட்ட சீசனில் இரண்டுமே சாதனை. 2001 ஜனவரியில் நடந்த இறுதி ஆட்டமான சூப்பர் பௌலில் ஜயன்ட்ஸை 34-7 என்று வென்றார்கள். அந்த ஏழு புள்ளியும் கிக்காஃபைத் திருப்பி ஓடி எடுத்தது, டிஃபன்ஸ் கொடுத்ததல்ல. ஆட்ட நாயகன் லூயிஸ்.

மறுபாதி உண்மை அதிகம் பேசப்படாதது: லைன்பேக்கரும் லைன்மேனுக்கு உதவுகிறார். ஆட்டத்தைச் சீக்கிரம் படித்து அவர் முன்னால் பாய்ந்தால், மேலே ஏற வேண்டிய பிளாக்கர் அவசரமாகக் கழன்றுதான் ஆக வேண்டும். உடனே டேக்கிளின் மேல் இருந்த பாரம் இருவரிடமிருந்து ஒருவராகக் குறைகிறது. லைன்பேக்கர் தயங்கி நின்றால் அந்த இருவரும் அவசரமே இல்லாமல் டேக்கிளை ஐந்து யார்டு உருட்டிக்கொண்டு வருவார்கள். சிரகூசாவும் ஆடம்ஸும் லூயிஸுக்கு வழி விட்டார்கள் என்பது எவ்வளவு சரியோ, லூயிஸின் வேகம் அவர்கள் பாரத்தைக் குறைத்தது என்பதும் அவ்வளவு சரி.

எங்க டீம் லைன்பேக்கர் ஆட்டத்துக்கு 12 டேக்கிள் எடுக்கறாரு. அப்போ ரன் டிஃபன்ஸ் நல்லாத்தானே இருக்கணும்? ஏன் மோசமா இருக்கு?

இங்கே டேக்கிள் என்பது ரன்னரைப் பிடித்து வீழ்த்துவது. அந்தப் பன்னிரண்டும் எங்கே நடந்தன என்று பாருங்கள். கோட்டிலிருந்து ஒரு யார்டில் பிடித்தால் அது வெற்றி. ஏழு யார்டு தாண்டிய பிறகு பிடித்தால் பட்டியலில் அதுவும் ஒரு டேக்கிள்தான், ஆனால் எதிரணிக்கு அது நல்ல ஆட்டம். மோசமான டிஃபன்ஸில் ஆடும் லைன்பேக்கருக்கு டேக்கிள் கூடுதலாகவே விழும், ஏனென்றால் எதிரணி ஓடிக்கொண்டே இருக்கிறது, மைதானத்தை விட்டுப் போவதே இல்லை.

இன்னொன்று, தன் சந்தைச் சரியாக அடைத்து ரன்னரை வேறு பக்கம் திருப்பிய லைன்பேக்கருக்குப் பட்டியலில் எதுவும் கிடைக்காது. திரும்பிய இடத்தில் காத்திருந்தவருக்கு டேக்கிள் கிடைக்கும். டேக்கிள் எண்ணிக்கையை வைத்து ஒருவரைக் கொண்டாடுவதும் திட்டுவதும் அநியாயம் என்பது என் உறுதியான கருத்து.

எல்லாரும் ஒரு பக்கமா ஓடறாங்க, திடீர்னு ரன்னர் எதிர்ப்பக்கம் வெட்டித் திரும்பி 30 யார்டு போயிடறாரு. யாரோட தப்பு?

அநேகமாகப் பின்பக்க (ஆட்டம் போகும் திசைக்கு எதிர்ப்பக்க) லைன்பேக்கரோ, அந்தப் பக்க டிஃபன்ஸ் வரிசையின் ஓர ஆளான எண்டோ தன் இடத்தை விட்டிருப்பார். அவுட்சைட் ஸோன் என்ற ஆட்டத்தில் எதிரணியின் முன்வரிசை முழுவதும் ஒரே பக்கமாக நகரும். டிஃபன்ஸும் சேர்ந்து நகரும். ரன்னர் பொறுமையாக ஓடிக்கொண்டே, யார் அளவுக்கு மீறி ஓடிவிட்டார் என்று பார்ப்பார். அந்த ஆளுக்குப் பின்னால் திறக்கும் வழிதான் கட்பேக்.

அதனால் பின்பக்க லைன்பேக்கர் பந்தைவிட ஓர் அடி பின்தங்கியே ஓட வேண்டும். ரன்னரின் பின் இடுப்பைக் குறிவைத்து ஓடு என்பார்கள் பயிற்சியாளர்கள். வேகமான இளம் வீரர்களுக்கு இது மிகக் கடினம். கால் முந்திக்கொள்ளும்.

சில நேரம் லைன்பேக்கர் வேணும்னே ரன்னரை வெளிப்பக்கம் ஓட விடற மாதிரி இருக்கே, ஏன்?

வேண்டுமென்றேதான். எதிரணியின் கார்டு வழி திறக்க ஓடி வரும்போது அவரைச் சந்திக்க இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, அவருடைய உள்தோளில் மோதி உள்வழியை அடைப்பது. ரன்னர் வெளியே சிதறுவார், அங்கே வேறொரு லைன்பேக்கரோ சேஃப்டியோ காத்திருப்பார். இதை ஸ்பில் என்பார்கள். இரண்டாவது, வெளிக்கையை விடுவித்து வைத்துக்கொண்டு வெளிவழியை அடைத்து ரன்னரைக் கூட்டத்துக்குள் திருப்பி அனுப்புவது. இது ஃபோர்ஸ்.

இரண்டும் சரியான முறைகளே. ஒருவர் ஸ்பில் என்று நினைத்து ஆட, அடுத்தவரும் உள்ளேயே நின்றுவிட்டால் ஓரத்தில் யாரும் இல்லை. டச்டவுன் வரை போகும் ஓட்டங்களில் பல இப்படிப்பட்ட புரிதல் பிழையில் பிறந்தவை.

ரன்னை அவ்வளவு நல்லாத் தடுக்கறவரு பாஸ்ல ஏன் ஏமாந்துபோறாரு?

ரன்னை நன்றாகத் தடுப்பதால்தான். அவர் கிளம்பும் வேகத்தையே எதிரணி பயன்படுத்திக்கொள்கிறது. பந்தைக் கொடுப்பது போல நடித்து, கார்டுகளும் ரன் போலவே முன்னால் பாய்ந்தால், முன்பு சொன்ன அறிகுறிகள் எல்லாமே பொய்யாகிவிடும். லைன்பேக்கர் இரண்டு அடி முன்னால் வந்தாலே போதும், அவருக்குப் பின்னால் மைதானத்தின் நடுவில் பந்தை எறிய இடம் கிடைத்துவிடும். இதுதான் பிளே ஆக்‌ஷன்.

ஆர்.பி.ஓ. வந்தா லைன்பேக்கர் என்ன செஞ்சாலும் தப்பாகுதே, இதுக்கு மருந்தே இல்லையா?

பிளே ஆக்‌ஷனில் எறிவதென்று முன்பே முடிவாகிவிட்டது. ஆர்.பி.ஓ.வில், அதாவது ரன்-பாஸ் ஆப்ஷனில், குவார்ட்டர்பேக் ஒரு குறிப்பிட்ட டிஃபன்ஸ் வீரரைப் பார்த்துக்கொண்டே முடிவெடுக்கிறார். அந்த ஆள் பெரும்பாலும் லைன்பேக்கர். அவர் ரன்னுக்கு வந்தால் அவர் விட்டுப்போன இடத்தில் பந்தை எறிவார், பின்னால் நின்றால் ரன்னரிடம் கொடுத்துவிடுவார். என்.எஃப்.எல்.-இல் பாஸ் எறியும்போது முன்வரிசையினர் கோட்டைத் தாண்டி ஒரு யார்டுதான் போகலாம். கல்லூரி ஆட்டத்தில் மூன்று யார்டு என்பதால் அங்கே லைன்பேக்கரின் பாடு இன்னும் கஷ்டம்.

மருந்து உண்டு, ஆனால் அவர் கையில் தனியாக இல்லை. அவருடைய சந்தை ஒரு லைன்மேனுக்கோ இறங்கி வரும் சேஃப்டிக்கோ மாற்றிக் கொடுத்தால், அவர் பாஸை மட்டும் பார்த்துக்கொள்ளலாம். குவார்ட்டர்பேக் தானே ஓடக்கூடியவராக இருந்தால் கணக்கு மேலும் மோசமாகும், ஏனென்றால் எண்ண வேண்டிய ஓட்டக்காரர் ஒருவர் கூடிவிடுகிறார். 2019-இல் லமார் ஜாக்சன் தனியாக 1,206 யார்டு ஓடினார். அவருடைய ரேவன்ஸ் அணி மொத்தம் 3,296 யார்டு ஓடி சாதனை படைத்தது.

முன்னெல்லாம் மூணு நாலு லைன்பேக்கர் இருப்பாங்களாமே? இப்போ ரெண்டு பேர்தான் தெரியறாங்க. ரன்னை எப்படித் தடுக்கறாங்க?

பாஸ் பெருகிவிட்டதால் ஒரு லைன்பேக்கரை எடுத்துவிட்டு ஐந்தாவது டிஃபன்சிவ் பேக்கை (கார்னர்பேக் அல்லது சேஃப்டியை) இறக்குகிறார்கள். இதற்கு நிக்கல் என்று பெயர். இன்று பெரும்பாலான அணிகள் பாதிக்கும் மேற்பட்ட நேரம் இதில்தான் நிற்கின்றன. லைன்பேக்கர்களும் எடை குறைந்து நூறு கிலோவை ஒட்டி வந்துவிட்டார்கள். எதிரே வரும் ரன்னர் டெரிக் ஹென்றியோ சுமார் 112 கிலோ! 2020 ஜனவரி பிளே ஆஃபில், 14 வெற்றி, 2 தோல்வி என்ற கணக்கோடு வந்த ரேவன்ஸை டென்னசி டைட்டன்ஸ் 28-12 என்று வீழ்த்தியபோது அவர் 195 யார்டு ஓடினார்.

சேஃப்டிகள் இருவரும் ஆழத்தில் நின்றால் கோட்டருகே ஆறு பேர்தான் இருப்பார்கள். சந்துகள் அதைவிட அதிகம். யாராவது ஒருவர் ஒன்றரைச் சந்து பார்க்க வேண்டும். பல பயிற்சியாளர்கள் தெரிந்தேதான் இப்படி நிற்கிறார்கள்: ஓடி நாலு யார்டு எடுத்துக்கொள், எறிந்து நாற்பது எடுக்காதே என்ற கணக்கு.

அப்போ ரன்னை முழுசா அடைச்சுட்டா ஜெயிச்சுடலாமா?

2006 மினசோட்டா வைக்கிங்ஸைப் பாருங்கள். கெவின் வில்லியம்ஸும் பேட் வில்லியம்ஸும் முன்னால் நிற்க, அந்த அணி சீசன் முழுவதும் கொடுத்தது 985 யார்டு ஓட்டம்தான். மேலே சொன்ன ரேவன்ஸுக்கு மிக அருகில். ஆனால் முடிவு ஆறு வெற்றி, பத்துத் தோல்வி. எதிரணிகள் ஓடுவதையே விட்டுவிட்டு எறியத் தொடங்கின. அக்டோபர் 30 அன்று பேட்ரியட்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் டாம் பிரேடி 372 யார்டு எறிந்து நான்கு டச்டவுன் கொடுக்க, பேட்ரியட்ஸ் 31-7 என்று வென்றது. ரன்னை அடைத்தால் எதிரணியைப் பாஸ் பக்கம் தள்ளலாம். அந்தப் பாஸையும் தடுக்க ஆள் இருந்தால்தான் பலன்.

ஒரே ஒரு லைன்பேக்கருக்கு அடிபட்டா மொத்த ரன் டிஃபன்ஸும் குலையுதே, அது எப்படி?

2008 முதல் என்.எஃப்.எல்.-இல் டிஃபன்ஸ் வீரர் ஒருவரின் ஹெல்மெட்டில் ரேடியோ அனுமதிக்கப்படுகிறது. பின்புறம் பச்சைப் புள்ளி ஒட்டியிருப்பவர் அவர். பல அணிகளில் அது நடு லைன்பேக்கர். அடுத்த ஆட்டத்தைத் தொடங்க மிச்சமுள்ள நேரத்தைக் காட்டும் பிளே கிளாக்கில் 15 வினாடி இருக்கும்போது ரேடியோ துண்டிக்கப்படும். அதன் பிறகு எதிரணி இடம் மாறினால், யார் எந்தச் சந்து என்று திருத்திச் சொல்ல வேண்டியது அவர் பொறுப்பு. பதிலாக வருபவருக்கு உடல்பலம் அதே அளவு இருந்தாலும், சொல்வதில் அரை நொடி தாமதித்தால் பக்கத்தில் உள்ளவர் தவறான இடத்தில் நிற்பார். கட்பேக்கும் ஸ்பில்லும் பற்றிச் சொன்ன பிழைகள் அப்போதுதான் வரிசையாக வரும்.

இதையெல்லாம் டிவில எப்படிப் பாக்கறது? பந்து எங்க போகுதுன்னே தெரியமாட்டேங்குது.

ஒரு கால் மணி நேரம் பந்தை மறந்துவிடுங்கள். நடு லைன்பேக்கரின் எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு, பந்து ஆட்டத்துக்கு வந்ததும் அவருடைய முதல் அடியை மட்டும் பாருங்கள்: முன்னாலா, பக்கவாட்டிலா, பின்னாலா? பிறகு ரீப்ளேயில், எந்தக் கார்டு எப்படி நகர்ந்தார் என்று பாருங்கள். மைதானத்தின் கோடிக்குப் பின்னாலிருந்து எடுத்த காட்சி கிடைத்தால் இன்னும் நல்லது, சந்துகள் திறப்பதும் மூடுவதும் அதில்தான் தெளிவாகத் தெரியும். ஓட்டம் இரண்டு யார்டில் நின்றால் பிடித்தவரை விட்டுவிட்டு, ரன்னர் முதலில் போக நினைத்த சந்தில் யார் நிற்கிறார் என்று தேடுங்கள்.